பெயர் எழுதாத இரண்டு ரத்தக் குப்பிகள்

மருத்துவர்களின் நலத்தைக் கவனிக்கும் பொறுப்புக்கு மாவட்ட அலுவலகம் என்னைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம், நான் எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறேன் என்பது. அந்த அதிகாரி போனில் இதைச் சொன்ன நேரத்தில் நான் கிளினிக்கின் பின்னால் நிறுத்தியிருந்த என் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு விட மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழாவது மூச்சில் போன் அடித்தது. அதற்கான மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்னேன். சொன்னதோடு விடாமல் ஒரு ஜோக்கும் அடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். எண்ணிக்கை விட்டுப்போனதால் நான் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

நான் குடும்ப மருத்துவ நிபுணன். கூலிமுக்கும் கரங்கானுக்கும் நடுவில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு டவுனில் அரசாங்க கிளினிக்கில் வேலை. காலையில் தோட்டத்து ஆட்கள் சக்கரைக்கும் பிரஷருக்கும் வருவார்கள். பதினொரு மணிக்கு மேல் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவர்கள் கை வலி, இடுப்பு வலி என்று வருவார்கள். மூன்று மருத்துவர்கள் பார்க்க வேண்டிய கூட்டம். அந்த வருடம் ஒருவர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். மிச்சம் இருந்தது நானும் ஒரு இளம் மருத்துவரும். அவள் ஒப்பந்த வேலையில் இருந்தாள். அப்பா லூனாஸ் பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், அம்மா கூலிம் ஃபேக்டரியில் வேலை செய்கிறார். ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்கிற கவலையை அவள் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துக் கொண்டுவருவாள். டப்பாவைத் திறக்க மட்டும் நேரம் இருக்காது.

எங்கள் கிளினிக்கில் ஒரு கேவலமான பழக்கம் இருந்தது. அதை ஆரம்பித்து வைத்தவன் நான்.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மதியம், எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இதயம் நின்றுவிடப் போகிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இதே படபடப்பு வந்தபோது, இது பயம்தான், ஒன்றும் ஆகாது, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்று தோளில் தட்டி அனுப்பியவன் நான். எனக்கு வந்தபோது அந்தத் தோள் தட்டு ஞாபகத்துக்கே வரவில்லை. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் சிகிச்சை அறைக் கதவைத் தாழ்போட்டு, நானே சட்டையைக் கழற்றி, நானே ஒயர்களை ஒட்டி, இ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன். இயந்திரம் பெயர் கேட்டது. என் பெயரைப் போட்டால் அது எங்காவது பதிவாகும், கவுண்டரில் இருக்கும் பெண் பார்ப்பாள், சாயங்காலத்துக்குள் பசாரில் கீரை விற்கிற அக்கா வரைக்கும் போய்விடும். 'ஸ்டாஃப்' என்று தட்டினேன். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அதற்கப்புறம் ரத்தப் பரிசோதனை. எங்கள் கிளினிக்கின் ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் அடிக்கடி படுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் குப்பிகள் வேனில் ஏறி மருத்துவமனை லேபுக்குப் போகும். நான் என் குப்பியிலும் 'ஸ்டாஃப்' என்றே எழுதினேன். லேபில் இருந்தவர் லூனாஸ்காரர், எனக்குப் பல வருடப் பழக்கம். முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார். நான் போன் போட்டு, நம்ம ஆள் ஒருவர் வெளியே தெரிய வேண்டாம் என்று பார்க்கிறார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் அண்ணே என்று குழைந்தேன். சரி லா டாக்டர், உங்களுக்காக என்றார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என் ரத்தம் அப்படிப் போய் வந்தது. நான் இன்னும் சாகவில்லை என்பதற்கு அது ஒரு அத்தாட்சி.

பெரியவர் செய்வதைச் சின்னவர்கள் பார்க்காமலா இருப்பார்கள்? இளம் மருத்துவர்கள் எல்லாரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். காய்ச்சல் வந்தால் பதிவு கிடையாது, எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டும் கிடையாது. மேசை டிராயரில் என் முத்திரையும் கையெழுத்தும் போட்ட காலி லேப் படிவங்கள் ஒரு கட்டு இருக்கும். ஒன்றை உருவி, 'ஸ்டாஃப்' என்று எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார்கள். எவ்வளவு வசதியான ஏற்பாடு என்று நான் பெருமைப்பட்டதும் உண்டு.

பயிற்சி ஞாயிறு முதல் செவ்வாய் வரை. எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, மூன்று நாள் நீ மட்டும்தான் என்று அந்த இளம் மருத்துவரிடம் சொன்னேன். உன்னுடைய நலத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று படிக்கத்தான் போகிறேன், அதுவரைக்கும் தாக்குப்பிடி என்றேன். அவள் சிரித்தாள். பிறகு நெற்றியில் கை வைத்து, "டாக்டர், லேசா காய்ச்சல் மாதிரி இருக்கு" என்றாள்.

"எனக்கும்தான்மா. ஞாயித்துக்கெழமைய நெனச்சாலே எனக்குக் காய்ச்சல்" என்றேன்.

அதற்கும் சிரித்தாள். நான் அவள் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, போகிற வழியில் கிளினிக்குக்குள் நுழைந்தேன். மூன்று நாள் வெளியூரில் இருக்கப் போகிறோம், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, என் ரத்தத்தை நானே எடுத்தேன். 'ஸ்டாஃப்' என்று எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு, சுங்கைப்பட்டாணிக்குக் காரை விட்டேன்.

ஹோட்டல் மண்டபத்துக் கம்பளத்தில் முந்தைய நாள் கல்யாண விருந்து இன்னும் நாறிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் எங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் பச்சைப் பட்டை ஒன்றை மாட்டிவிட்டாள். அதில் தொங்கிய அட்டையில் நலத் தலைவர் என்று மலாயில் அச்சிட்டிருந்தார்கள். முப்பது குடும்ப மருத்துவர்கள், முப்பது நலத் தலைவர்கள். எல்லாருக்கும் கண்ணுக்குக் கீழே கறுப்புத் திட்டு. பயிற்சி கொடுக்க கோலாலம்பூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். முதலில் ஆளுக்கொரு பலூன் கொடுத்து, எங்கள் மன அழுத்தத்தை அதன்மேல் எழுதி, நெஞ்சோடு அணைத்து, உடைக்கச் சொன்னார். படித்துப் பட்டம் வாங்கிய முப்பது பேர் வேர்வை நாற்றத்தோடு பலூனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். தஞ்சோங் டாவாய் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாய், பழைய நண்பர், பலூனில் தன் மேலதிகாரியின் படத்தை வரைந்திருந்தார். மற்றவர்களின் பலூன்கள் டப் டப் என்று உடைந்தன. அவருடையது மட்டும் என்ன அழுத்தியும் உடையவில்லை.

பிறகு சிரிப்புப் பயிற்சி. இதில் நீங்கள்தானே கெட்டிக்காரர் என்று என்னை மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். நான் ஹா என்றேன், கூட்டம் ஹா என்றது. நான் ஹோ என்றேன், கூட்டம் ஹோ என்றது. என் சத்தம் எனக்கே சகிக்கவில்லை. அத்தனை பேரின் போனும் சட்டைப் பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. நாங்கள் இங்கே ஹோ ஹோ என்று கத்திக்கொண்டிருக்க, ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் எங்கள் கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவைக் குறை சொல்லி முடிக்கவும் மனம் வரவில்லை. மதியத்துக்கு முன்னால் அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் காட்டுவீர்கள், அந்த மருத்துவரின் பெயரை எழுதுங்கள் என்றார். ஊருக்கெல்லாம் குடும்ப மருத்துவர்களாக இருக்கும் எங்களில் ஒருவருக்கும் ஒரு மருத்துவர் இல்லை. பாய் தன் மனைவியின் பெயரை எழுதினார். அவர் பள்ளிக்கூட ஆசிரியை. நான் என் பெயரையே எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்தேன்.

அப்போதுதான் லேப் அண்ணனிடமிருந்து போன் வந்தது. வெளியே போய் எடுத்தேன்.

"டாக்டர், உங்க கிளினிக்குக்குப் போன் போட்டா யாரும் எடுக்க மாட்றாங்க. ஃபாரத்துல உங்க சாப், கையெழுத்து ரெண்டும் இருந்திச்சு, அதான் உங்களுக்குப் போட்டேன். ஸ்டாஃப்னு ஒரு சாம்பிள், பிளேட்லெட் பதினெட்டாயிரம் தான் இருக்கு. டெங்கிதான் லா. ஆள உடனே வார்டுக்கு அனுப்புங்க."

சரி அண்ணே என்று சொல்லிப் போனை வைத்தேன். ரத்தம் உறைவதற்கு உதவும் அணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். என்னிடம் பதினெட்டாயிரம். எனக்குக் காய்ச்சலே இல்லை என்பது ஒரு விஷயமாகவே படவில்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கி ஆளைக் கொல்லும் என்று இருபது வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்தவன் நான். அப்படியானால் எனக்கு வந்து, தெரியாமலே விட்டும் போயிருக்கிறது.

கழிவறைக்கு ஓடினேன். போன் வெளிச்சத்தில் ஈறைப் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருந்தது. ஈறு எப்போதுமே சிவப்புதான் என்பது ஞாபகம் வரவில்லை. கையை இறுக்கிக் கட்டி வைத்துச் சிவப்புப் புள்ளி வருகிறதா என்று பார்க்கும் ஒரு பழைய பரிசோதனை உண்டு. கட்ட வேறு எதுவும் கிடைக்காமல் நலத் தலைவர் பட்டையைக் கழற்றிக் கையில் கட்டினேன். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, காலிலும் புள்ளி தேடினேன். கதவைத் திறந்துகொண்டு பாய் வந்தார். மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "என்னா டாக்டர், இந்தப் பயிற்சிய எங்களுக்கு இன்னும் சொல்லிக் குடுக்கலையே?" என்றார். சிரித்து வைத்தேன். அவரும் சிரித்துவிட்டு வந்த வேலையைப் பார்த்துப் போனார்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூசுகிறது. பப்பாளி இலைச் சாறு குடித்தால் பிளேட்லெட் ஏறும் என்று எத்தனையோ தோட்டத்து ஜனங்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் நிரூபணம் இல்லை, தண்ணீர் குடியுங்கள், வார்டில் படுங்கள் என்று அவர்களை விரட்டியிருக்கிறேன். ஹோட்டல் கார் நிறுத்துமிடத்தின் வேலியோரம் ஒரு பப்பாளி மரம் நின்றது. டை கட்டிய அந்த நிபுணன் அதன் அடியில் எம்பி எம்பி இலை பறித்தான். இரண்டு இலையைக் கையில் கசக்கி வாயில் போட்டு மென்றான். அந்தக் கசப்பு தொண்டையைத் தாண்டவில்லை. துப்பிவிட்டு, செத்தால் என் இரங்கல் கூட்டத்தில் யார் யார் பேசுவார்கள், என்னென்ன பொய் சொல்வார்கள் என்று வரிசை போட ஆரம்பித்தேன். மாவட்ட அதிகாரி நிச்சயமாகச் சிரித்த முகத்தைப் பற்றிப் பேசுவார்.

அந்தச் சிரித்த முகத்தில் பச்சைச் சாறு வழிய, லேப் அண்ணனுக்கு மறுபடி போன் போட்டேன். ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறதா, மற்ற எண்கள் என்ன என்று கேட்டேன்.

"எந்த ஸ்டாஃப் டாக்டர்? ரெண்டு ஸ்டாஃப் வந்திருக்கே" என்றார். "ஒன்னு ஆம்பள, எல்லாம் நார்மல். பிளேட்லெட் எறங்கினது பொம்பள. வயசு இருபத்தெட்டு போட்டிருக்கு."

பப்பாளி மரத்தைப் பிடித்துக்கொண்டேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைத்துப் பயனில்லை. அட, நான் இல்லை என்று உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்கியது. அது முழுசாக இறங்கி முடித்த பிறகுதான் இருபத்தெட்டு வயதுப் பெண் யார் என்பது உறைத்தது. போனைப் பார்த்தேன். அண்ணன் முதலில் கூப்பிட்டு நாற்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

கிளினிக்கில் சிஸ்டரின் கைப்பேசிக்கு அடித்தேன். சிஸ்டர் என்றால் எங்கள் தலைமை நர்ஸ், என்னோடு பத்தொன்பது வருடமாக வேலை செய்கிற அக்கா. டாக்டர் எங்கே என்று கேட்டேன். அறைக்குள் நோயாளி பார்க்கிறார், காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்றார். உடனே நிறுத்துங்கள், படுக்க வையுங்கள், ஆம்புலன்சில் ஏற்றுங்கள் என்றேன். சிஸ்டர் கேட்டார்:

"இன்னும் இருபத்தாறு பேர் ஒக்காந்திருக்காங்க டாக்டர். அவங்கள என்னா சொல்றது?"

நோயாளியை விட்டுக் கூட்டத்தை நினைக்கிற புத்தியை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தது? பத்தொன்பது வருடமாக நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நான் கத்திய கத்தலில் கார் நிறுத்துமிடத்துக் காவலாளி திரும்பிப் பார்த்தான். சிஸ்டர் ஓடினார்.

பிறகு அவர் சொன்னது இது. அவள் ஒரு குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக்கொண்டிருந்தாள். நீளக் கைச் சட்டைக்குள் ஊசி குத்திப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. திரைக்குப் பின்னால் பாதி காலியான உப்புத் தண்ணீர்ப் பை தொங்கியது. ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் அதைச் சொருகிக்கொள்வாள், கதவு திறந்தால் கழற்றிவிடுவாள். இடது கையில் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்திருந்தாள், அதில் ஈறு ரத்தம். சிஸ்டர் தோளைத் தொட்டதும், "இந்தப் புள்ளைய மட்டும் பாத்துட்டு வரேன் சிஸ்டர்" என்று சொல்லி எழுந்தவள் நாற்காலியோடு சாய்ந்தாள்.

நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். கதவுக்கு வெளியே லேப் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், இனிமேல் பெயர் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தம் கூட வாங்க மாட்டேன், நீங்கள் வந்து காலில் விழுந்தாலும் வாங்க மாட்டேன் என்றார். தானும் தப்புப் பண்ணிவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளுடைய அம்மா ஃபேக்டரி உடுப்போடு ஓடி வந்தார். தலையில் கட்டிய வலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் போன் பண்ணியிருக்காவிட்டால் என் பிள்ளை என்ன ஆகியிருப்பாள் என்று அழுதார். உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். தலையைக்கூட லேசாக ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியங்களில் அந்தத் தலையாட்டலுக்குத்தான் முதலிடம்.

இரண்டு நாள் அவள் இங்கேயா அங்கேயா என்று கிடந்தாள். மூன்றாம் நாள் எண்கள் ஏறத் தொடங்கின. ஐந்தாம் நாள் சாதாரண வார்டுக்கு மாற்றியதும் நான் பார்க்கப் போனேன். வழக்கம்போல் ஒரு ஜோக்கைத் தயார் செய்துகொண்டு போனேன். அவள் தலையணையில் சாய்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டாள்.

"லேப் அண்ணன் எல்லாம் சொன்னாரு டாக்டர். ஒங்க ரத்தம்னு நெனச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"நாப்பத்து மூனு நிமிசம்."

"நான் அதுக்குள்ள ஒம்போது பேரப் பாத்திருப்பேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். வியாழக்கிழமை நீ காய்ச்சல் என்று சொன்னாய், நான் கேலி பண்ணினேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். தெரியும் என்று கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த ஸ்டாஃப் ஃபாரம் மொதல்ல யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரியும் டாக்டர். நாங்க ஒங்களப் பாத்துதான் கத்துக்கிட்டோம். நீங்க பேரு போட்டுக் காட்டுங்க, நானும் போடறேன். இல்லன்னா நான் திரும்பி வரல. கான்ட்ராக்டும் வேணா, ஒன்னும் வேணா."

அப்பா அம்மாவின் ஒரே மருத்துவர் மகள், ஒப்பந்தத்துக்காக நாலு நாள் காய்ச்சலை முழுங்கியவள் சொல்கிறாள், வேண்டாம் என்று. தயார் செய்து கொண்டுபோன ஜோக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

அன்றைக்கே மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு உறை வந்தது. பயிற்சியில் இரண்டு நாளும் ஒரு மதியமும் இல்லாதவனுக்கு, முழுமையாகக் கலந்துகொண்டதாக ஒரு சான்றிதழ். தங்க எழுத்தில் என் பெயர். கூடவே ஒரு படிவம்: உங்கள் கிளினிக்கில் மருத்துவர் நலத்துக்காக என்ன செய்யப் போகிறீர்கள்? உடம்பு சரியில்லாத மருத்துவர் பெயரோடு பதிவு செய்து, வேறொருவரிடம் காட்டி, வீட்டுக்குப் போவார் என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். சாயங்காலமே போன் வந்தது. கருத்து நன்றாக இருக்கிறது, ஆனால் கவர்ச்சியான ஒரு பெயரும் இரண்டு படமும் வேண்டும், முடிந்தால் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்திய மாதிரி. அந்த அதிகாரி நல்ல மனிதர்தான். அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தொண்டைக்குள் பப்பாளி இலை கசந்தது.

அடுத்த ஞாயிறு நான் ஒருவன்தான். பக்கத்து மாவட்டத்திலிருந்து இரவல் கேட்டுக் கெஞ்சி வாங்கிய ஒரு இளம் மருத்துவன் பத்து மணிக்குத்தான் வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்தான். பதினொரு மணிக்கு, ஒரு தோட்டத்து ஆளின் காலிலிருந்த புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை குளிர்ந்தது. கால்கள் பின்பக்கக் கதவை நோக்கி, கார் இருக்கிற பக்கம் தாமாகத் திரும்பின. அவள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போயிருந்தாள், எம்.சி. முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது.

முன்பக்கமாக நடந்தேன். காத்திருந்த ஐம்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கவுண்டரில் நின்ற சிஸ்டரிடம், எனக்கு நெஞ்சு படபடக்கிறது, பயமாக இருக்கிறது, பெயரை எழுதி ஒரு நம்பர் கொடுங்கள் என்றேன்.

சிஸ்டர் சிரித்தார். கவுண்டர் பெண் சிரித்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா, டாக்டர் எப்பவும் இப்படித்தான் தமாஷ் பண்ணுவாரு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். நான் இரண்டாம் முறையும் சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சட்டைப் பையிலிருந்து என் அடையாள அட்டையை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தேன். கை நடுங்கியதில் அது தாளம் போட்டது. சிஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. அட்டையை எடுத்து, பதிவேட்டில் என் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு எழுதினார்.

"ஒங்களுக்கு முன்னாடி ஏழு பேர் இருக்காங்க டாக்டர். ஒக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன்.